தூக்கத்துக்காகப் பேச ஆளில்லை

கொழிஞ்சாம்பாறை,
ஐப்பசி.

அன்புக் கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். வீட்டில் எல்லாரும் சுகம். அப்புச்சிக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை, வரப்பு வரைக்கும் நடந்து போய்விட்டு வருகிறார்.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். ராத்திரி ஒரு மணிக்குப் படுத்து அஞ்சு மணிக்கு எழுந்திருக்கிறேன், ஹாஸ்டலில் எல்லாரும் அப்படித்தான், பழகிவிட்டது என்றாய். அப்புறம், ஓணப் பரீட்சையில் கெமிஸ்ட்ரி மார்க் இறங்கிவிட்டது, அதனால் ஓட்டத்தை விட்டுவிடவா என்று கேட்டாய். உனக்குப் பின்னால் போனுக்கு வரிசை நிற்கும்போது இதற்கெல்லாம் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓட்டத்தை விடாதே. விட வேண்டியவை வேறு இருக்கின்றன. எதை விட்டாலும் எதை வைத்துக்கொண்டாலும், தூக்கத்தில் மட்டும் இனிமேல் கை வைக்காதே.

பழகிவிட்டது என்றாயே, எனக்குப் பயம் வந்தது அந்தச் சொல்லில்தான். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்து ஆட்கள் 2003-இல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். நல்ல ஆரோக்கியமான பெரியவர்களைத் தொடர்ந்து 14 நாள், சிலரை நாலு மணி நேரமும் சிலரை ஆறு மணி நேரமும் மட்டும் தூங்கவிட்டுச் சோதித்தார்கள். கவனமும் ஞாபகமும் நாளுக்கு நாள் சரிந்துகொண்டே போய், ரெண்டு ராத்திரி முழுக்கக் கண் விழித்தவர்கள் அளவுக்குக்கூட வந்துவிட்டது. ஆனால் அவர்களைக் கேட்டால், கொஞ்சம் தூக்கமாக இருக்கிறது, மற்றபடி ஒன்றுமில்லை என்றுதான் சொன்னார்கள். சரிந்தது அவர்களுக்கே தெரியவில்லை. உனக்குப் பழகியதும் இந்த மாதிரிதான் கண்ணு. நீ தூங்குவதும் அதே நாலு மணி நேரம்.

அப்பாவிடம் கேட்டுப்பார். பொள்ளாச்சியில் இளநீர் ஏற்றிக்கொண்டு எர்ணாகுளம் போகும்போது, குதிரான் தாண்டுவதற்குள் கண் கனத்தால் வண்டியை ஓரம் கட்டிவிடுவார். எவ்வளவு அவசர லோடானாலும் சரி. கண் திறந்துதான் இருக்கும், ரோடு மட்டும் தெரியாது என்பார். குடித்துவிட்டு ஓட்டுபவனைப் பிடிக்க நம் நாட்டுச் சட்டம் வைத்திருக்கும் அளவு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவருடைய கையும் மூளையும், 50 மில்லிகிராம் ஏறியவருடையதைப் போல மந்தமாகிவிடும் என்று சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். அஞ்சு மணிக்கு எழுந்தவளுக்கு 17 மணி நேரம் எப்போது முடிகிறது என்று எண்ணிப் பார். ராத்திரி பத்து. அதற்கு மேல் மூணு மணி நேரம் உட்கார்ந்துதான் நீ ஆர்கானிக் கெமிஸ்ட்ரி படிக்கிறாய். அந்த நிலையில் அப்பாவை வண்டி எடுக்க விடுவாயா?

வார்டில் நைட் டூட்டி பார்ப்பவள் நான். விடியற்காலை மூணு மணிக்கு மருந்துச் சீட்டில் இருப்பதை ரெண்டு தடவை, மூணு தடவை படித்துச் சரிபார்த்துத்தான் ஊசி ஏற்றுவோம். அந்த நேரத்து மூளையை நம்பக் கூடாது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

தூக்கம் என்றால் சும்மா கிடக்கிற நேரம் என்று நினைக்காதே. பகலில் படித்தது உள்ளே உட்காருவதில் பெரும்பங்கு அப்போதுதான் நடக்கிறது. இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1924-லேயே கார்னெல் பல்கலைக்கழகத்தில் ரெண்டு மாணவர்களை அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்யவைத்துச் சோதித்தார்கள். படித்துவிட்டுத் தூங்கியபோது நினைவில் நின்ற அளவுக்கு, படித்துவிட்டு அதே நேரம் விழித்திருந்தபோது நிற்கவில்லை. தூக்கமும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று. முன்னிரவில் ஆழ்ந்த தூக்கம் அதிகம், உடம்பு வளர்வதற்கான ஹார்மோன் நிறையச் சுரப்பது அப்போதுதான். விடியும் பக்கம் கனவுத் தூக்கம் அதிகம். அஞ்சு மணி அலாரம் வெட்டுவது அந்தக் கடைசிப் பகுதியை. மொத்தத் தூக்கத்தில் பாதிதான் போகிறது என்று நீ நினைப்பாய், ஆனால் கனவுத் தூக்கத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது.

உன் வயசுக்கு, அதாவது 13 முதல் 18 வரைக்கும், 8 முதல் 10 மணி நேரம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்கள் 2016-இல் கூடி எடுத்த முடிவு. நான் பத்து கேட்கவில்லை. எட்டு போதும்.

அப்புச்சி சொல்வது உனக்கு நினைவிருக்கும்: நாலு மணிக்கு எழுந்து படி, விடியக்காலைப் படிப்புதான் நிற்கும். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் அவர் சின்னப் பையனாக இருந்தபோது இந்தப் பக்கம் கரண்ட் கிடையாது. சிமினி விளக்கை ஏழரைக்கு ஊதி அணைத்துவிட்டு எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிடுவார்கள். நாலு மணிக்கு எழுந்தவருக்கு எட்டு மணி நேரத் தூக்கம் முடிந்திருக்கும். இப்போது அவருடைய நாலு மணியை எடுத்துக்கொண்டோம், அந்த எட்டு மணியை விட்டுவிட்டோம். ராத்திரி ஒரு மணிக்குப் படுப்பவள் விடியக்காலைப் படிப்பை நம்பி எழுந்திருப்பது உடம்புக்குச் செய்யும் அநியாயம்.

ஒன்பது மணிக்கே படுத்தாலும் தூக்கம் வரவில்லை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன் என்றும் ஒரு தடவை சொன்னாய். அது உன் சோம்பலும் இல்லை, பிடிவாதமும் இல்லை. பருவ வயசில் தூக்கத்தைக் கூப்பிடும் மெலடோனின் சுரக்கும் நேரமே ஒரு மணி, ரெண்டு மணி நேரம் பின்னால் தள்ளிப்போகிறது. மேரி கார்ஸ்கடான் என்ற அம்மையார் பல வருஷம் பிள்ளைகளைத் தூங்கவைத்துக் கவனித்து இதைக் காட்டினார். இதை வைத்துத்தான் 2014-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், உயர்நிலைப் பள்ளிகளை எட்டரைக்கு முன்னால் தொடங்காதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. கலிபோர்னியாவில் அதைச் சட்டமாகவே போட்டு 2022-இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். சியாட்டில் நகரத்தில் 2016-இல் பள்ளியை 7.50-இலிருந்து 8.45-க்கு மாற்றியபோது பிள்ளைகள் நாளுக்கு அரை மணிக்கு மேல் கூடுதலாகத் தூங்கினார்கள். நேரம் கிடைத்ததே என்று இன்னும் லேட்டாகப் படுக்கவில்லை. உன் பள்ளிக்கூடம் ஒன்பது மணிக்குத்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். அதற்கு முன்னால் சில இடங்களில் பிள்ளைகளுக்கு ஆறரைக்கே டியூஷன் வைக்கிறார்களே, அதை யாராவது தட்டிக் கேட்க வேண்டும்.

சரி, உன் நாளுக்கு வருகிறேன்.

நம் சித்தூர்ப் பக்கத்து வயலுக்கெல்லாம் தமிழ்நாடு மணக்கடவில் அளந்து விடுகிற தண்ணீர்தான் வழி. வருஷத்துக்கு 7.25 டிஎம்சி என்று ஒப்பந்தம். வாய்க்காலில் முறை வைத்துப் பாய்ச்சும்போது, எந்தக் காட்டுக்காரர் மடையருகே வந்து நிற்கவில்லையோ அவருடைய முறையைத்தான் மற்றவர்கள் திருப்பிக்கொள்வார்கள். உன் 24 மணி நேரத்திலும் அதுதான் நடக்கிறது. ரெக்கார்டு எங்கே என்று கெமிஸ்ட்ரி டீச்சர் கேட்பார். பிராக்டிஸுக்கு ஏன் வரவில்லை என்று பி.டி. சார் கேட்பார். டான்ஸ் ரிகர்சலுக்கு ஆள் அனுப்புவார்கள், கோச்சிங் சென்டரிலிருந்து வீட்டுக்கே போன் வரும். தூக்கத்துக்காகக் கேட்க மட்டும் யாரும் இல்லை. அதனால்தான் எல்லாரும் அதிலிருந்தே எடுத்துக்கொள்கிறார்கள். இனிமேல் அதற்காக நீதான் நிற்க வேண்டும். நீ நின்றால் உன் பின்னால் நானும் நிற்கிறேன்.

எதை விடலாம் என்று அப்பாவும் நானும் உட்கார்ந்து பேசினோம். முதலில் போக வேண்டியது வாரநாள் ராத்திரி என்ட்ரன்ஸ் பேட்ச். சனி, ஞாயிறு வகுப்பு இருக்கிறது, ப்ளஸ் ஒன்னுக்கு அது போதும். பள்ளி விடுவது நாலே முக்காலுக்கு. அதற்கு மேல் ஏழரை வரைக்கும் இன்னொரு வகுப்பில் உட்கார்ந்தால், அன்றைக்குப் பள்ளியில் நடத்தியதைப் புரட்டிப் பார்ப்பது எப்போது? கட்டின பணம் போனால் போகட்டும் என்று அப்பாவே சொல்லிவிட்டார். அந்தப் பணத்தை நினைத்து நீ வருத்தப்படாதே.

அடுத்தது குரூப் டான்ஸ். உபஜில்லா கலோல்சவம், அதாவது பள்ளிக் கலைவிழா, முடிந்து ஜில்லா, அப்புறம் ஸ்டேட் என்று போனால் ரெண்டு மூணு மாசம் சாயங்காலமெல்லாம் ரிகர்சலில் போய்விடும். ஏ கிரேடு வாங்கினால் கிரேஸ் மார்க் உண்டு, அந்த ஆசை எனக்கும் புரிகிறது. இந்த வருஷம் தமிழ்ப் பத்யம் சொல்லல், அந்தச் செய்யுள் சொல்லும் போட்டியை மட்டும் வைத்துக்கொள். அதற்கு நீ தனியாக, நடக்கும்போதுகூடச் சொல்லிப் பார்க்கலாம். உன் குரலுக்கு அது பொருத்தம் என்று நான் மனசாரச் சொல்கிறேன். ஆனால் டான்ஸ் டீமிலிருந்து விலகுவதென்றால் இப்போதே சொல்லிவிடு. கடைசி வாரத்தில் சொன்னால் மற்றப் பிள்ளைகளுக்குக் கஷ்டம்.

ஓட்டத்தை ஏன் விடக் கூடாது என்கிறேன் தெரியுமா? நாள் முழுக்க நீ செய்கிற வேலைகளில் யாரும் மார்க் போடாத ஒரு மணி நேரம் அதுதான். ஓடிவிட்டு வந்த நாளில் போனில் உன் பேச்சே வேறாக இருக்கும். நம் ஜில்லாவில் முண்டூர் பள்ளி மைதானத்தில் ஓடிய பி.யு. சித்ரா 2017-இல் புவனேஸ்வரில் 1500 மீட்டரில் ஆசியத் தங்கம் வாங்கியவர். நீ தங்கம் வாங்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் ஓடுகிறவளுக்குத் தூக்கம் மற்றவர்களைவிட அவசியம். பள்ளி விளையாட்டுக்காரர்களைப் பார்த்த ஓர் ஆராய்ச்சியில், எட்டு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கியவர்களுக்கு அடிபடும் வாய்ப்பு மற்றவர்களைப் போல 1.7 மடங்கு இருந்தது. போன மாசம் கணுக்கால் பிசகியதே, அதையும் இதோடு சேர்த்து யோசி. அதனால் காலைப் பிராக்டிஸைச் சாயங்காலத்துக்கு மாற்றித் தரச்சொல்லி பி.டி. சாரிடம் கேள். உடம்புச் சூடு சாயங்காலத்தில்தான் உச்சத்தில் இருக்கும், தசை நன்றாக வேலை செய்யும். சார் ஒத்துக்கொள்வார் என்றுதான் நினைக்கிறேன். வாரத்தில் ரெண்டு காலை கண்டிப்பாக வர வேண்டும் என்றால், அதற்கு முந்தின ராத்திரி ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிடு.

அப்படி வைத்தால் நாள் இப்படி வரும். சாயங்காலம் அஞ்சிலிருந்து ஆறேகால் வரை ஓட்டம். குளித்து, ஏதாவது சாப்பிட்டு, ஏழு முதல் எட்டு வரை படிப்பு. சாப்பாடு. எட்டரை முதல் ஒன்பதே முக்கால் வரை மறுபடி படிப்பு. பத்துக்கு விளக்கை அணை, ஆறு மணிக்கு எழுந்திரு. காலையில் ஆறரை முதல் ஏழரை வரை ஒரு மணி நேரம் கிடைக்கும். மொத்தம் மூணேகால் மணி நேரம். தெளிந்த தலையோடு உட்கார்ந்தால் அது நிறைய.

ஆனால் படிக்கிற விதத்தைக் கொஞ்சம் மாற்ற வேண்டும். மூணு கலர் பேனாவில் நோட்ஸ் எடுத்து எழுதுவதை நிறுத்து. திரும்பத் திரும்ப வாசிப்பதும் அப்படித்தான். ஒரு பாடத்தை வாசித்துவிட்டு, புத்தகத்தை மூடிவைத்து, வெறும் தாளில் நினைவிருப்பதை எழுதிப் பார். 2006-இல் கல்லூரி மாணவர்களிடம் இதைச் சோதித்தார்கள். அஞ்சு நிமிஷம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்கள் நன்றாக முந்திவிட்டார்கள். உனக்குப் பரீட்சை அஞ்சு நிமிஷத்தில் வருவதில்லையே. லேப் ரெக்கார்டை அன்றன்றைக்கே முடித்துவிடு. சோதனை கண்ணில் நிற்கும்போது அரை மணியில் முடிவதை, மாசக் கடைசியில் எழுத உட்கார்ந்தால் ராத்திரி முழுக்க ஆகும்.

ராத்திரி பத்து மணிக்கு ஹாஸ்டலில் கட்டன் சாயா, பாலில்லாத டீ, தருகிறார்கள் என்றாயே, அதைத் தொடாதே. விழித்திருக்க விழித்திருக்க அடினோசின் என்று ஒன்று மூளையில் சேர்ந்துகொண்டே வரும், அதுதான் கண்ணைச் சொக்கவைக்கும். சாயாவிலிருக்கும் கஃபைன் அதன் வழியை மறிக்குமே தவிர, சேர்ந்ததைக் குறைக்காது. குடித்து அஞ்சு மணி நேரம் ஆனாலும் ஏறக்குறைய பாதி உடம்பில்தான் இருக்கும். சாயங்காலச் சாயாவோடு நிறுத்திக்கொள். மதியம் கண் சொக்கினால் இருபது நிமிஷம் டெஸ்கில் தலை சாய்த்துக்கொள், அதற்கு மேல் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வரை தூங்கினால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் வராமல் திங்கட்கிழமை கெட்டுப்போகும். ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கு, அப்புறம் எழுந்து வெயிலில் நில்.

பத்தாவதில் ஃபுல் ஏ ப்ளஸ் வாங்கிய பிள்ளை நீ. பிளக்ஸில் உன் படம் போட்டார்கள், ஊரே பார்த்தது. அதைக் காப்பாற்றத்தான் இப்படி முழிக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். எனக்கும் அப்பாவுக்கும் அந்தப் படம் வேண்டியதில்லை கண்ணு. நீ முகம் தெளிந்து வீட்டுக்கு வந்தால் போதும். கெமிஸ்ட்ரி மார்க் இன்னும் ரெண்டு இறங்கினாலும் இந்த வீட்டில் யாரும் ஒரு வார்த்தை கேட்க மாட்டார்கள். கிறிஸ்துமஸ் பரீட்சை வரைக்கும் இப்படி நடந்து பார். அப்போதும் சரியாகவில்லை என்றால் ஓட்டத்தைப் பற்றி மறுபடி பேசலாம்.

மேட்ரன் சேச்சிக்குத் தனியாக ஒரு கடிதம் இதோடு வைத்திருக்கிறேன், கொடுத்துவிடு. பத்து மணிக்கு நீ படுக்க விடச்சொல்லி எழுதியிருக்கிறேன். பக்கத்துக் கட்டிலில் விளக்கு எரிந்தால் கண்ணுக்கு மேல் துண்டைப் போட்டுக்கொள்.

வியாழக்கிழமை அப்பா திருச்சூர் வழியாகத்தான் லோடு போகிறார். எள்ளுருண்டையும் புது பெட்ஷீட்டும் கொடுத்துவிடுகிறேன். ராத்திரி பேட்ச் ரசீதை எடுத்து வைத்திருந்து அவர் கையில் கொடு. அடுத்த தவணைக்கு முன்னால் அவரே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்துவிடுவார்.

அன்புடன்,
அம்மா