எஃப் 2.8-க்குத்தான் அந்த விலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சித்திரைத் திருவிழா நெருங்க நெருங்க, மதுரையில் எழுபது-இருநூறு (70-200 மி.மீ. ஸூம்) லென்ஸ் தேடி அலையும் இளைஞர்களின் எண்ணிக்கை கூடுகிறது. கடன் வாங்கியாவது, செகண்ட் ஹேண்டில் கிடைத்ததை வாங்கிவிடுகிறார்கள். அழகர் மலைக்குத் திரும்பிய கையோடு அதே லென்ஸ்கள் விற்பனைக்கு வந்துவிடுகின்றன. விற்பவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: "தூரம் பத்தல", "படம் ஷார்ப்பா வரல". இரண்டும் லென்ஸின் குற்றமல்ல. அந்த லென்ஸ் எதற்காகச் செய்யப்பட்டது என்று தெரியாமல் வாங்கிய குற்றம். வருத்தமாக இருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

மி.மீ. எண் கூடக் கூட தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்; எஃப் எண் குறையக் குறைய லென்ஸ் அகலமாகத் திறந்து வெளிச்சம் கூடும். 70-200 எஃப் 2.8 லென்ஸில் நாம் பணம் கொடுப்பது 200 மி.மீ. தரும் தூரத்துக்கு அல்ல. அந்தத் தூரத்தை 55-250, 70-300 போன்ற சாதாரண ஸூம்கள் மிகக் குறைந்த விலைக்கே தருகின்றன. ஆனால் அவை நீளக் கோடிக்குப் போகும்போது எஃப் 5.6-க்குச் சுருங்கிவிடும். 2.8-க்கும் 5.6-க்கும் நடுவே இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு). அதாவது நான்கு மடங்கு வெளிச்சம். 2.8-ல் நொடியில் 500-ல் ஒரு பங்கு ஷட்டர் வைத்து எடுக்கும் படத்தை, 5.6-ல் அதே ஐ.எஸ்.ஓ.வில் (சென்சாரின் ஒளி உணர்திறன்) 125-ல் ஒரு பங்கில்தான் எடுக்க முடியும். எடையும் விலையும் இங்கிருந்துதான் வருகின்றன. 200-ஐ 2.8-ஆல் வகுத்தால் 71. அத்தனை மில்லிமீட்டர் அகலத்துக்கு ஒளி நுழைய வழி வேண்டும். கேனனின் இ.எஃப். மவுண்ட் (கேமராவில் லென்ஸ் பொருந்தும் வளையம்) இரண்டாம் பதிப்பு 1490 கிராம், சோனியின் 2016 ஜி.எம். 1480 கிராம். 2021-ல் வந்த சோனி ஜி.எம். இரண்டாம் பதிப்பு 1045 கிராமுக்கு இறங்கியது. ஒன்றரைக் கிலோவைக் காலை நான்கு மணியிலிருந்து கழுத்தில் சுமந்து பார்த்தவர்களுக்கு இந்த நானூறு கிராம் வித்தியாசம் புரியும்.

சித்ரா பௌர்ணமி விடியலில் அழகர் வைகையில் இறங்கும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். வானம் முழுதாக வெளுத்திருக்காது, ஃபோகஸ் விளக்குகள்தான் துணை. 2.8-ல் திறந்து, ஐ.எஸ்.ஓ 3200 வைத்தால் 250-ல் ஒரு பங்கு ஷட்டர் கிடைக்கும் என்று வையுங்கள். அதே இடத்தில் 5.6 லென்ஸ்காரர் ஐ.எஸ்.ஓ.வை 12800-க்கு ஏற்ற வேண்டும், இல்லையென்றால் ஷட்டரை 60-ல் ஒரு பங்குக்கு இறக்க வேண்டும். தங்கக் குதிரை தோள்களின் மேல் ஆடிக்கொண்டே வருவது. 60-ல் ஒரு பங்கில் அழகரின் முகம் இழுபடும். "லென்ஸில் ஸ்டெபிலைசர் இருக்கிறதே" என்பார்கள். ஸ்டெபிலைசர் நம் கை நடுக்கத்தைத் தாங்கும், குதிரையின் ஆட்டத்தை நிறுத்தாது. இது ஒன்று புரிந்தாலே பாதி ஏமாற்றம் குறையும்.

இன்னொன்று விளக்குகள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில எல்.இ.டி. விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். வேகமான ஷட்டரில் ஒரு படம் இருட்டாகவும் அடுத்தது வெளிச்சமாகவும், சில சமயம் குறுக்கே பட்டை விழுந்தும் வருவது அதனால்தான். கேமராவில் ஆன்டி ஃப்ளிக்கர் இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் பத்துப் படமாகத் தொடர்ந்து எடுத்து, நல்லதைப் பொறுக்குவதுதான் வழி.

கூட்டத்தில் லென்ஸ் முன்னும் பின்னும் ஃபோகஸ் தேடி அலைந்து, முக்கியமான நொடி போய்விடுகிறது என்று பலரும் சொல்கிறார்கள். லென்ஸின் பக்கவாட்டில், இத்தனை மீட்டருக்கு உள்ளே ஃபோகஸ் தேடாதே என்று எல்லை வைக்கும் லிமிட்டர் சுவிட்சை யாரும் தொடுவதே இல்லை. கேனனில் அது 2.5 மீட்டர், நிக்கானில் 5 மீட்டர் என்று இருக்கும். அதைப் போட்டுவிட்டால், பக்கத்தில் உயரும் கையையும் விசிறியையும் லென்ஸ் தேடிப் போகாது. அரை விநாடி மிச்சம்.

ஜல்லிக்கட்டுக்கு வருவோம். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்றிலும் தை வெயிலில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை. அங்கே 2.8-ஐ முழுதாகத் திறப்பது பல நேரம் கெடுதல். ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்சார்) கேமராவில் 200 மி.மீ., எஃப் 2.8, பத்து மீட்டர் தூரம் என்றால் தெளிவாக விழும் ஆழம் ஏறத்தாழ 42 செ.மீ. மட்டும். காளை நேராக நம் பக்கம் வந்தால், கண்ணில் ஃபோகஸ் வைத்தபோது திமிலும் திமிலைக் கட்டிப் பிடித்த கையும் கரைந்துவிடும். அந்தக் கை இல்லாமல் அது என்ன ஜல்லிக்கட்டுப் படம்? 5.6-க்கு மூடினால் ஆழம் 84 செ.மீ. ஆகும், கொம்பும் திமிலும் கையும் சேர்ந்து வரும். இருபது மீட்டர் தள்ளிய கேலரியிலிருந்து எடுத்தால் 2.8-லேயே 1.7 மீட்டர் கிடைக்கும். அங்கே தாராளமாகத் திறக்கலாம். ஷட்டரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் குறுக்கே பாயும் காளை, 250-ல் ஒரு பங்கு நேரத்தில் 4 செ.மீ. நகர்ந்துவிடும், 1000-ல் ஒரு பங்கில் 1 செ.மீ. 1000-க்குக் கீழே இறங்காதீர்கள், 1600 இன்னும் நல்லது.

பகல் வெளிச்சத்தில் மட்டுமே எடுப்பவர்களுக்கு 70-200 எஃப் 4 போதும். எடை ஏறத்தாழ பாதி, விலையும் கணிசமாகக் குறைவு. அரிட்டாபட்டிக்குப் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கோ இரண்டுமே உதவாது. பாறை உச்சியில் உட்கார்ந்திருக்கும் ராஜாளி 200-ல் ஒரு புள்ளிதான். அங்கே 400, 600 வேண்டும். இரண்டு மடங்கு எக்ஸ்டெண்டர் (லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவே மாட்டுவது) போட்டால் 400 கிடைக்குமே என்றால், கிடைக்கும். ஆனால் இரண்டு ஸ்டாப் போய் எஃப் 5.6 ஆகிவிடும். எதற்குப் பணம் கொடுத்தோமோ அதுவே காலி. தவிர, கேனன் 2019-ல் வெளியிட்ட ஆர்.எஃப். 70-200 எஃப் 2.8 லென்ஸில் எக்ஸ்டெண்டர் பொருந்தவே பொருந்தாது. வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொள்வது கொடுமை.

2.8 உண்மையிலேயே தன் விலைக்கு உழைக்கும் இடம் கல்யாண மண்டபம், உள்ளரங்கக் கபடி, இரவு நாடக மேடை, தெப்பக்குளத்தில் மாலை மயங்கிய பிறகு வரும் தெப்பம். வாங்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். இப்போது கையிலிருக்கும் ஸூமில் கடந்த ஒரு வருடம் எடுத்த படங்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் பாருங்கள். ஐ.எஸ்.ஓ எகிறி, ஷட்டர் 200-க்குக் கீழே கிடக்கும் படங்கள்தான் அதிகம் என்றால் உங்களுக்கு 2.8 தேவை. எல்லாம் நீளக் கோடியிலேயே எடுத்து, பிறகும் வெட்டிப் பெரிதாக்கியவை என்றால் உங்களுக்குத் தேவை தூரம், வேறு லென்ஸ். இரண்டு நிகழ்ச்சிக்காவது வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது இன்னும் உத்தமம்.

இனி பழைய லென்ஸ் வாங்குவது. ஏமாறுவது இங்கேதான் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

ஒரு டார்ச் கொண்டு போங்கள். செல்போன் விளக்கும் போதும். இரண்டு மூடியையும் கழற்றி, பின்பக்கத்திலிருந்து விளக்கைச் சாய்வாக அடித்து முன்பக்கம் பாருங்கள்; பிறகு மாற்றி அடியுங்கள். தூசி புள்ளிப் புள்ளியாகத் தெரியும். நாலு தூசி எந்த லென்ஸிலும் இருக்கும், படத்தில் ஒன்றும் தெரியாது. ஃபங்கஸ் அப்படியில்லை. சிலந்தி நூல் போலக் கிளை பிரிந்து, பெரும்பாலும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வளர்ந்திருக்கும். "துடைச்சா போயிடும்" என்பதை நம்ப வேண்டாம். அது விடும் அமிலம் கண்ணாடியின் பூச்சை அரித்திருந்தால், பிரித்துத் துடைத்த பிறகும் தடம் நிற்கும். ஏறத்தாழ இருபது கண்ணாடிகள் அடுக்கிய லென்ஸ் இது. நடு அடுக்கில் ஃபங்கஸ் என்றால் பிரிப்பதும் மறுபடி நேராகப் பொருத்துவதும் பெரிய வேலை. உள்ளே பால் படிந்தது போல மங்கல் இருந்தாலும், ஓரத்தில் வானவில் நிறத்தில் திட்டு தெரிந்தாலும் விட்டுவிடுங்கள். இரண்டாவது, ஒட்டிய கண்ணாடிகள் பிரியத் தொடங்கியதன் அடையாளம். முன் கண்ணாடியில் மெல்லிய கீறல் அவ்வளவு பாதகமில்லை. பின் கண்ணாடியில் கீறல் இருந்தால் படத்தில் தெரியும்.

அடுத்து மவுண்டைச் சுற்றியுள்ள ஸ்க்ரூக்களின் தலையைப் பாருங்கள். தேய்ந்து, சிராய்த்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். முன்பக்க ஃபில்டர் வளையம் நசுங்கியிருந்தால் கீழே விழுந்த லென்ஸ்.

விழுந்த லென்ஸைக் கண்டுபிடிக்க இந்தச் செய்தித்தாளே போதும். இரண்டு பக்கத்தையும் விரித்துச் சுவரில் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். கேமராவை டிரைபாடில் தாளுக்கு நேராக, நடுமட்டத்தில் நிறுத்துங்கள். ஸ்டெபிலைசரை அணைத்து, இரண்டு விநாடி டைமர் போட்டு, 2.8-லேயே எடுங்கள்: 70-ல் சுமார் ஒன்றரை மீட்டரில், 200-ல் சுமார் நான்கு மீட்டரில், நடுவே 135-லும் ஒன்று. படத்தைப் பெரிதாக்கி நான்கு மூலையிலும் சின்ன எழுத்தைப் படியுங்கள். நான்கும் நடுப்பகுதியைவிடக் கொஞ்சம் மென்மையாக இருந்தால் அது இயல்பு. மூன்று மூலை தெளிவாக இருந்து ஒன்று மட்டும் கலங்கினால், கேமராவைச் சரியாக நிறுத்தி மறுபடி எடுங்கள். அப்போதும் அதே மூலை கலங்கினால் உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது. எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஸ்டெபிலைசரைப் போட்டு ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்துங்கள். மெல்லிய முனகல் சத்தம் இயல்பு. அணைத்த நிலையில் ஆட்டினால் சில லென்ஸ்களில் உள்ளே லேசாகத் தட்டும் சத்தம் வரும், அதுவும் கோளாறல்ல. வ்யூஃபைண்டரில் காட்சி துள்ளினாலோ ஒரு பக்கமாக நழுவினாலோதான் கோளாறு. டி.எஸ்.எல்.ஆர். (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி உள்ள கேமரா) பாடி வைத்திருப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். 200 மி.மீ.-ல், ஐந்து மீட்டரில் 2.8-ன் ஆழம் பத்து செ.மீ.தான். ஃபோகஸ் இரண்டு விரற்கடை முன்பின் போனாலே கண் மங்கி, காதோ மூக்கோ தெளிவாகும். பாடியின் மெனுவில் இதைத் திருத்தும் வசதி இருக்கும். விலை குறைந்த பாடிகளில் இருக்காது, அவர்கள் சர்வீஸுக்குத்தான் போக வேண்டும். அந்தக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸில் சென்சாரே ஃபோகஸ் பார்ப்பதால் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை.

லென்ஸை எப்போதும் அதன் காலர் வளையத்தில், அடியில் இருக்கும் பாதத்தைப் பிடித்துத் தூக்குங்கள். சின்ன பாடியைப் பிடித்துக்கொண்டு லென்ஸைத் தொங்கவிட்டால் ஒன்றரைக் கிலோவும் மவுண்டில் இழுக்கும்.

நம் ஊரில் இந்த லென்ஸைக் கொல்வது பெரும்பாலும் திருவிழாவுக்குப் பிந்தைய அலட்சியம். அழகர் மேல் தோல்பையிலிருந்து பீய்ச்சும் தண்ணீர் லென்ஸிலும் விழுகிறது. அன்றிரவே ஈரத்தோடு பஞ்சு வைத்த பையில் போட்டு, பீரோவில் வைத்து, ஆடி பிறந்து எடுத்துப் பார்த்தால் உள்ளே நூல் படர்ந்திருக்கிறது. வீட்டுக்கு வந்ததும் துணியால் ஈரத்தை ஒற்றி எடுத்து, மூடி போடாமல் மின்விசிறிக்குக் கீழே இரவு முழுக்க வையுங்கள். பிறகு ரப்பர் வளையம் உள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா; உள்ளே சிலிக்கா ஜெல்; சின்ன ஈரப்பத மீட்டர் ஒன்று. முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நிற்க வேண்டும். 65-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் ஃபங்கஸ் பிடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் இது சாதாரணம். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையாக மாறினால், சமையலுக்கு எடுக்காத பழைய வாணலியில் இளஞ்சூட்டில் ஆரஞ்சு திரும்பும்வரை வறுத்து, ஆறிய பிறகு திரும்பப் போடலாம். அந்துருண்டை வைக்கவே கூடாது, அதன் ஆவி கண்ணாடியில் படியும். அரிசிப் பானையும் வேண்டாம், மாவுத்தூள் ஸூம் வளையத்தில் ஏறும்.

கற்பூரப் புகை எண்ணெய்க் கரி. விபூதியும் வாடிவாசல் புழுதியும் மணல் போலக் கீறும். எது படிந்திருந்தாலும் வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். முதலில் ரப்பர் ப்ளோயரால் ஊதி, பிறகு மென்மையான பிரஷ், அதற்குப் பிறகே லென்ஸ் திரவம் ஒரு சொட்டு மைக்ரோஃபைபர் துணியில் விட்டு நடுவிலிருந்து வெளிப்பக்கமாக. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். தண்ணீரும் புழுதியும் உள்ள இடத்தில் ஃபில்டர் போடுங்கள். தீபங்களை எடுக்கும்போது கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு சுடருக்கும் ஒரு போலிச் சுடர் படத்தில் மிதக்கும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். திருவிழா நாட்களில் நீங்கள் வெளியிடும் படங்களுக்குக் கீழே, எடுத்தவர் பெயரோடு மி.மீ., எஃப் எண், ஷட்டர், ஐ.எஸ்.ஓ நான்கையும் சின்ன எழுத்தில் ஒரு வரி அச்சிட வேண்டும். எந்தப் படம் 2.8 இல்லாமல் வந்திருக்காது, எது சாதாரண ஸூமிலேயே வந்தது என்று வாங்கப் போகிற பிள்ளைகள் பணம் கொடுக்கும் முன்பே பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
புகைப்படக்காரர்கள் சிலர்,
மதுரை.