ஆறு பெட்டியில் கேட்ட பழைய கடிகாரங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பாளையங்கோட்டை சுற்றுவட்டாரத்தில் கோயில் கொடைகளுக்கு முப்பது வருடம் ரேடியோ செட் கட்டியவன் நான். போன ஞாயிறு வீட்டில் நாலு பேராக உட்கார்ந்து பிங்க் ஃபிளாய்ட் என்ற ஆங்கில ராக் இசைக்குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' ஆல்பத்தைக் கேட்டோம். 1973இல் வந்தது, 2003இல் ஒலிப்பொறியாளர் ஜேம்ஸ் கத்ரி அதை 5.1 சரவுண்டில், அதாவது கேட்பவரைச் சுற்றி ஆறு ஒலிபெருக்கிப் பெட்டிகளில் ஒலிக்கும்படி, மறுகலவை செய்தார்.

'டைம்' பாட்டின் தொடக்கத்தில் கடிகாரங்கள் நாலாபக்கமும் அடிக்க, மைத்துனர் எங்கள் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் அவருக்குப் பிடிக்கவில்லை. "அத்தான், பாட்டு துண்டு துண்டால்லா கெடக்கு. ரெண்டு பெட்டியில கேட்டா ஒரே கட்டா வரும்" என்றார். இன்னொருவர் பின்னணிக் குரல்கள் இப்போதுதான் தெளிவாகக் காதில் விழுகின்றன என்று கண் கலங்கினார்.

என் கட்சி இரண்டாமவர் கட்சி. அந்தக் கடிகாரங்களை ஆல்பத்தின் ஒலிப்பதிவுப் பொறியாளர் ஆலன் பார்சன்ஸ் பழங்காலக் கடிகாரக் கடையில் ஒவ்வொன்றாகப் பதிந்ததே நாலு பெட்டியில் சுற்றிக் கேட்கும் நாற்திசை ஒலியைக் காட்டத்தான். மைத்துனர் குறையிலும் நியாயம் உண்டு. செட்டை மாட்ட வந்தவர் பின்பெட்டிகளைக் கூரையை ஒட்டி அறைந்துவிட்டுப் போயிருந்தார். காது மட்டத்துக்கு இறக்கினேன், பாட்டு ஒட்டிக்கொண்டது.

அந்த 2003 தட்டிலேயே ரெண்டு பெட்டிக்கான பழைய ஸ்டீரியோ கலவையும் இருக்கிறது. நம் பழைய தமிழ்ப் பாடல்களின் மூல டேப்புகள் குரல் வேறு, வாத்தியம் வேறு எனத் தனித்தனி டிராக்குகளாக எங்கே மிஞ்சியிருந்தாலும், இப்படி இரண்டையும் சேர்த்தே வெளியிட வேண்டும். டேப் பூசணம் பிடிக்கும் முன்பே.

இப்படிக்கு,
ஒரு வாசகர், பாளையங்கோட்டை