அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டு ஒரு வாரமாகிறது. மஞ்சளுக்கு இரண்டாம் களை எடுத்தாயிற்று. நீதான் போன் செய்தால் "வேலை அதிகம்ப்பா" என்று வைத்துவிடுகிறாய். ஆபீஸ் விட்டு இருட்டில் தனியாக வராதே. மாப்பிள்ளையை ஸ்டேஷனுக்கு வரச் சொல்.

டெண்டர் வழக்கில் உங்கள் ஆபீஸ் ஆட்களும் சாட்சி என்று பேப்பரில் படித்தேன். பேர் போடவில்லை. நீயும் சொல்லவில்லை. பெற்றவனிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, கண்ணு?

அம்மா தர்மபுரியை நினைத்து அழுகிறாள். 2000 பிப்ரவரி 2, ஜெயலலிதாவுக்குக் கொடைக்கானல் ஹோட்டல் வழக்கில் தீர்ப்பு வந்த அன்று கொளுத்திய பஸ்ஸில் செத்த 3 பிள்ளைகளும் நம் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். ராத்திரி கதவைத் தாழ் போட்டுக்கொள்.

ஜெயலலிதா சொத்துக்குவிப்பு வழக்கில், அவர் மறுபடி முதல்வரானதும் சாட்சிகள் 76 பேரைத் திரும்பக் கூப்பிட்டார்கள். 64 பேர் மாற்றிச் சொன்னார்கள். அதையெல்லாம் பார்த்துத்தான் 2003-இல் உச்ச நீதிமன்றம் வழக்கைப் பெங்களூருக்கு அனுப்பியது. 2014-இல் 4 வருசத் தண்டனை, அன்றே பதவியும் போனது. அடுத்த வருசம் விடுதலை. 2017-இல் உச்ச நீதிமன்றம் பழைய தீர்ப்பே சரி என்றபோது அந்தம்மா உயிரோடு இல்லை. எனக்கு அந்த 64 பேரை நினைத்தால்தான் தூக்கம் வராது. நானும் கூண்டேறி மாற்றிச் சொன்னவன்.

நீ அஞ்சாவது படித்த வருசம். சொசைட்டி உரக் கணக்கில் சோதனை போட்டபோது மூட்டைகளை எண்ணி மகஜரில், அதாவது அங்கே இருந்ததை எழுதின தாளில், சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான். கோர்ட்டில் அரசு வக்கீல் அந்தத் தாளைக் காட்டி, "உங்கள் கையெழுத்துதானே?" என்றார். நீல மையில் என் பேர் தெளிவாக இருந்தது. "என்னுடையதுதான். படிக்காமல் போட்டேன்" என்றேன். பிறழ் சாட்சி என்று எழுதிக்கொண்டார்கள். சொசைட்டித் தலைவர் விடுதலை. ஆறு வருசம் காத்திருந்தும் வராத கரண்ட் கனெக்சன் அடுத்த ஆடியில் நம் கிணற்றுக்கு வந்தது. உன் காலேஜ் பீஸ் அந்தத் தண்ணீரில் விளைந்த பணம். உன் அப்பாரு, என்னைப் பெற்றவர், சாகிற வரைக்கும் மோட்டார் சுவிட்சைத் தொடவில்லை. ஏனென்று நீ கேட்டாய். ஷாக்குக்குப் பயம் என்று பொய் சொன்னேன்.

நீ என்ன வாக்குமூலம் கொடுத்திருந்தாலும் அப்படியே சொல். தேதி மட்டும் தெரிவி. ஈரோட்டில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியும்போது சென்னையில் இருப்பேன், உன்கூட கோர்ட்டுக்கு வருகிறேன். தாழ் போட்டுப் படு, சாமி.

அப்பா