புதிய கருவிகளுக்கு முன்பு தரையைப் பாருங்கள்: பூங்கா நிர்வாகத்தினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பூங்கா நிர்வாகக் குழுவினருக்கு,

வணக்கம். பூங்காவின் நுழைவாயிலில் நீங்கள் வைத்திருக்கும் அறிவிப்புப் பலகையைப் படித்தேன். சிறுவர் திடலுக்குப் புதிய ஏறுகோபுரம், இரட்டைச் சறுக்குமரம், கால்பந்து மைதானத்துக்குச் செயற்கைப் புல்தரை என்று வரப்போகிறவற்றின் வண்ணப் படங்களை ஒட்டி, வந்து போகிறவர்களின் கருத்தையும் கேட்டிருக்கிறீர்கள். பலகையருகே வைத்திருக்கும் துண்டுச் சீட்டில் நான்கு வரிக்கு மேல் எழுத இடமில்லை. எனக்குச் சொல்ல வேண்டியது அதைவிடச் சற்று அதிகம் என்பதால் இம்மடலை எழுதுகிறேன்.

ஏழு ஆண்டுகளாக வாரத்தில் மூன்று நான்கு மாலைகளாவது இந்தப் பூங்காவில் கழிகின்றன. மகன் பந்து விளையாடுகிறான், மகள் ஊஞ்சலில் இருப்பாள், நான் நடைபாதையைச் சுற்றி வருவேன் அல்லது உட்கார்ந்திருப்பேன். இங்கே நன்றாக இருப்பவை பல. சின்னக் குழந்தைகளின் பகுதியை வேலியிட்டுத் தனியாகப் பிரித்திருப்பதால் ஓடிவரும் பெரிய பிள்ளைகளின் முட்டியில் எந்தக் குழந்தையும் மோதிக்கொள்வதில்லை. நடைபாதை ஓரிடத்திலும் முட்டுச்சந்தாக முடியாமல் முழு வட்டமாகச் சுற்றி வருகிறது. தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யச் சொன்னால் இரண்டு நாளில் சரிசெய்கிறீர்கள். ஆகவே குறைகாணும் எண்ணத்தில் எழுதுவதாகக் கொள்ள வேண்டாம். என் வருத்தமெல்லாம் ஒன்றே ஒன்றைப் பற்றியது: தரை. ஏழு ஆண்டுகளில் ஒரு சறுக்குமரம் மாற்றப்பட்டது, இருக்கைகளுக்கு இருமுறை வண்ணம் பூசப்பட்டது, பெயர்ப்பலகை புதிதாயிற்று. ஆனால் பிள்ளைகள் விழுகிற, ஓடுகிற, உட்காருகிற தரையை யாரும் திரும்பிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஊஞ்சலில் இருந்து தொடங்குகிறேன். நான்கு ஊஞ்சல்களின் அடியிலும் நான்கு பள்ளங்கள் இருக்கின்றன. ஊஞ்சலை நிறுத்துவதற்குப் பிள்ளைகள் காலைத் தரையில் தேய்ப்பார்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் ஒரு பிடி மணல் முன்னும் பின்னும் ஒதுங்கும். நாளடைவில் நடுவில் மணலே இல்லாமல், அடியிலுள்ள கெட்டித்த மண் வெளியே தெரிகிறது. மழை பெய்தால் அதில் தண்ணீர் தேங்கிவிடுகிறது. ஊஞ்சலில் ஏறும் பிள்ளை ஒரு காலைக் குட்டையில் வைத்துத்தான் ஏற வேண்டும். சென்ற மாதம் மகளின் பள்ளி அளவுகோலைக் கொண்டுவந்து ஊன்றிப் பார்த்தேன். ஊஞ்சலுக்கு நேர் கீழே மணல் 2 செ.மீ. கூட இல்லை. இரண்டடி தள்ளி ஓரத்தில், காலால் தள்ளப்பட்டு ஒதுங்கிய மணல் 25 செ.மீ. இருந்தது. மணல் எங்கும் போய்விடவில்லை, விழுகிற இடத்தில் இல்லை என்பதுதான் விஷயம்.

சிறுவர் திடல்களுக்கான ஐரோப்பியத் தரநிலையான இ.என். 1176, இரண்டு மீட்டர் வரையிலான உயரத்திலிருந்து விழக்கூடிய இடங்களில் மணலோ மரச்சீவலோ குறைந்தது 20 செ.மீ. ஆழம் இருக்க வேண்டும் என்கிறது. காலால் கலைந்து போவதை ஈடுகட்ட மேலும் 10 செ.மீ. சேர்த்துக் கொட்டச் சொல்கிறது. அதாவது மொத்தம் 30 செ.மீ. வேண்டும். மணல் கலையும் என்பது அந்த விதியை எழுதியவர்களுக்கே தெரிந்திருக்கிறது. அதே தரநிலை, எந்தக் கருவியிலும் விழக்கூடிய உயரம் மூன்று மீட்டரைத் தாண்டக் கூடாது என்றும் வரையறுக்கிறது. உங்கள் படத்திலுள்ள ஏறுகோபுரம் அந்த வரம்புக்குள் இருக்கும் என்றே நம்புகிறேன். ஆனால் கோபுரத்தின் படத்துக்குக் கீழே, அதன் அடியில் என்ன போடப் போகிறீர்கள், எத்தனை ஆழத்துக்கு, அதை யார் எத்தனை நாளுக்கு ஒருமுறை சரிசெய்வார்கள் என்று ஒரு சொல்லும் இல்லை. கருவி வாங்குவது ஒருநாள் வேலை. ஒதுங்கிய மணலை வாரி நடுவில் இழுத்துவிடுவது வாரந்தோறும் செய்ய வேண்டிய, ஒருவர் கால் மணிநேரத்தில் முடித்துவிடக்கூடிய வேலை. அதற்கு ஒரு வாருகோல் போதும்.

ஊஞ்சல் சட்டத்தின் இடது ஓரத்துக் காலையும் பார்த்துவிடுங்கள். மண் அரித்துப்போய், அந்தக் காலைப் பதித்திருக்கும் சிமென்ட் கட்டியின் விளிம்பு நான்கு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பதித்த நாளில் அது தரைக்கடியில்தான் இருந்திருக்கும். இரண்டு வாரங்களுக்கு முன் ஒரு சிறுவன் ஓடிவந்து அதில் கால் இடறி விழுந்தான். முழங்கால் சிராய்ப்போடு போயிற்று. அவன் அம்மா அவனைத்தான் திட்டினார், பார்த்து ஓடக்கூடாதா என்று. எனக்கு அவனுக்காகப் பரிந்து பேசத் தோன்றியது, பேசவில்லை, இப்போது பேசுகிறேன்.

அடுத்து மைதானம். கால்பந்து மைதானம் முழுவதும் கெட்டுவிட்டது என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால் அது சரியல்ல. மூலைகளிலும் பக்கவாட்டிலும் புல் செழிப்பாகவே இருக்கிறது. கெட்டிருப்பது இரண்டு கோல் கம்பங்களுக்கு முன்னாலுள்ள பகுதியும் நடுவட்டமும்தான். ஒரு முழு அளவுக் கோல் 7.32 மீட்டர் அகலம். மாலை முழுவதும் அந்தக் குறுகிய முகப்பில்தான் கோல்கீப்பர் நின்று நின்று மிதிக்கிறார், எல்லோரும் வந்து மோதுகிறார்கள். ஈரமான மண்ணை மிதிக்கும்போது மண்துகள்களுக்கு இடையிலுள்ள காற்றுவெளி நசுங்கிவிடுகிறது. பிறகு தண்ணீர் கீழே இறங்க வழியில்லை, வேருக்குக் காற்றும் கிடைப்பதில்லை, புல் மடிகிறது. புல் போனதும் மண் இன்னும் எளிதாக இறுகுகிறது. மழை நின்று இரண்டு நாள் கழித்தும் கோல் முகப்பில் மட்டும் தண்ணீர் நிற்பதற்கு இதுவே காரணம். அங்கே புதிய புல்லை நட்டு நட்டுப் பார்த்தீர்கள், இருமுறையும் ஒரே பருவத்தில் போய்விட்டது. மண்ணை நெகிழ்த்தாமல் மேலே புல்லை ஒட்டினால் வேறென்ன நடக்கும்?

இதற்கு மைதானப் பராமரிப்பாளர்கள் எங்கும் செய்வது மூன்று காரியங்கள். குழல் போன்ற உள்ளீடற்ற இரும்புப் பற்களால் மண்ணைத் துளைத்து, இறுகிய மண்ணைச் சிறு உருளைகளாக வெளியே எடுத்துவிட்டு, துளைகளில் மணலை நிரப்புவார்கள். மைதானத்தின் நடுப்பகுதி சற்று மேடாகவும் ஓரங்களை நோக்கி நூற்றுக்கு ஒன்று என்ற அளவில் சரிவாகவும் இருக்கும்படி மட்டத்தைப் பார்த்துக்கொள்வார்கள். மூன்றாவது காரியத்துக்குச் செலவே இல்லை: நகர்த்தக்கூடிய கோல் கம்பங்களை வைத்துக்கொண்டு, சில வாரங்களுக்கு ஒருமுறை ஆடுகளத்தைச் சில மீட்டர்கள் தள்ளிப் போடுவார்கள். நம் மைதானத்தில் பக்கவாட்டில் இடம் தாராளமாக இருக்கிறது. கோல் கம்பங்களும் நகர்த்தக்கூடியவைதான்.

நகர்த்தக்கூடியவை என்பதால் ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். நம் கோல் கம்பங்களைத் தரையோடு பிணைக்க ஒன்றுமே இல்லை. 2.44 மீட்டர் உயரத்திலுள்ள குறுக்குக் கம்பியில் இரண்டு பையன்கள் ஒன்றாகத் தொங்கினால் சட்டம் முன்புறமாகச் சாய்கிறது. நானே ஒருமுறை ஓடிப்போய்ப் பிடித்தேன். கோல் சட்டங்கள் கவிழ்ந்து குழந்தைகள் இறந்த நிகழ்வுகளுக்குப் பிறகுதான் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1995-இல் இவற்றைத் தரையில் பிணைத்து வைப்பதற்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. பின்சட்டத்தின் மேல் மணல்மூட்டைகளைப் போட்டாலும் சரி, மண்ணில் முளையடித்தாலும் சரி, இந்த வேலை மட்டும் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம்.

செயற்கைப் புல்தரைக்கு நான் எதிரியல்லன். மழைக்காலத்திலும் விளையாடலாம், ஒரே நாளில் பல குழுக்கள் ஆடலாம், சேறு இல்லை. இரவும் பகலும் ஓயாமல் பயன்படும் மைதானத்துக்கு அது பொருத்தமாகவே இருக்கும். நம்முடையது மாலையில் மூன்று மணிநேரம் பயன்படும் மைதானம். வெயிலில் செயற்கைப் புல் இயற்கைப் புல்லைவிட வெகுவாகச் சூடாகிறது. இயற்கைப் புல் நீராவியை வெளிவிட்டுத் தன்னைக் குளிர்வித்துக்கொள்கிறது, பிளாஸ்டிக்கால் அது முடியாது. இழைகளுக்கிடையே நிரப்பும் ரப்பர் துகள்கள் ஷூவிலும் மழைநீரிலும் வெளியேறிச் சூழலில் கலக்கின்றன என்பதால், ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த நுண்பிளாஸ்டிக் விதிகளின்படி அத்தகைய நிரப்பியின் விற்பனை அங்கே 2031 அக்டோபரில் முடிவுக்கு வருகிறது. எட்டுப் பத்து ஆண்டுகளில் தரையே தேய்ந்து, சுருட்டி எடுத்துப் போட்டுவிட்டு மீண்டும் விரிக்க வேண்டியும் வரும். கோல் முகப்புகளிலும் நடுவட்டத்திலும் மண் இறுகிப்போனதற்காக ஏழாயிரம் சதுர மீட்டருக்குப் பிளாஸ்டிக் விரிப்பது எனக்குக் கணக்கில் ஒத்துவரவில்லை.

உயரமான கருவி இருந்தால்தான் குழந்தைகள் வருவார்கள் என்ற எண்ணமும் சற்று யோசிக்கத்தக்கது. ஆல்டோ வான் ஐக் என்ற கட்டடக் கலைஞர் 1947 தொடங்கி ஆம்ஸ்டர்டாம் நகருக்காக எழுநூறுக்கும் மேற்பட்ட சிறுவர் திடல்களை வடிவமைத்தார். அவற்றில் பெரும்பாலும் இருந்தவை அகன்ற விளிம்புள்ள மணல்தொட்டி, தாவிக் குதிப்பதற்கான கற்கள், தலைகீழாகச் சுழல்வதற்கான தாழ்ந்த இரும்புக் கம்பிகள், அவ்வளவுதான். பெரும்பாலானவை தரையோடு ஒட்டியவை. நம் திடலிலும் பிள்ளைகள் அதிக நேரம் செலவிடுவது எங்கே என்று ஒரு மாலை நின்று பாருங்கள்: சறுக்குமரத்தில் இல்லை, குழாயடியில் தண்ணீர் வழிந்து மண் நனைந்திருக்கும் அந்த ஒரு சதுர மீட்டரில்தான்.

இன்னொன்று. தரை யாருக்குக் கிடைக்கிறது என்பதும் தரையைப் பற்றிய கேள்விதான். வியன்னா நகராட்சி 1990-களின் பிற்பகுதியில் தன் பூங்காக்களை ஆராய்ந்தபோது, ஒன்பது பத்து வயதைத் தாண்டியதும் சிறுமிகள் பூங்காவுக்கு வருவது சட்டெனக் குறைவதைக் கண்டது. ஒரே பெரிய வெளியைப் பையன்கள் பந்தோடு பிடித்துக்கொள்ளும்போது, இடத்துக்காகச் சண்டையிடுவதைவிடச் சிறுமிகள் விலகிப் போய்விடுகிறார்கள். வெளியைச் சிறு பகுதிகளாகப் பிரித்து, பாதைகளைச் சேர்த்து, வாலிபால், பூப்பந்து போன்றவற்றுக்கும் இடம் ஒதுக்கியதும் அவர்கள் திரும்ப வந்தார்கள். என் மகளுக்கு ஒன்பது முடிந்துவிட்டது. ஊஞ்சலுக்கு வயது கடந்துகொண்டிருக்கிறது. மைதானத்தில் நுழைந்தால் தன் அண்ணனின் நண்பர்களே தள்ளிப் போகச் சொல்கிறார்கள். இப்போது அவள் வேலியோரமாகத் தோழியோடு வலையில்லாமல் பூப்பந்து ஆடுகிறாள். பக்கவாட்டில் சும்மா கிடக்கும் புல்வெளியில் இரண்டு கம்பங்களும் ஒரு வலையும் போட்டுக் கோடு கிழித்துக் கொடுத்தால் அந்த இடம் அவர்களுடையதாகிவிடும்.

பணம் இருப்பது ஒன்று, செய்ய நினைப்பவை பல என்பதை அறிவேன். முதலில் கோல் சட்டங்களைப் பிணைத்து, ஊஞ்சலடி மணலை நிரவி, சிமென்ட் விளிம்பை மூடிவிடுங்கள். பிறகு இந்தப் பருவம் முடிந்ததும் கோல் முகப்பு மண்ணைத் துளைத்துப் பாருங்கள். அதற்குப் பின்னும் பணம் மிஞ்சினால் கோபுரத்தைப் பற்றிப் பேசலாம், நானும் வருகிறேன். குழுவிலிருந்து யாராவது ஒருவர் அடுத்த மழை பெய்து ஓய்ந்த மறுநாள் மாலை ஐந்து மணிக்கு வந்தால், ஊஞ்சலடியில் காத்திருப்பேன். அளவுகோலை நான் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
மாலைதோறும் பூங்காவுக்கு வரும் ஒருவன்