கொடியில் இரண்டு பூட்டுகள்

அன்புள்ள கலா,

நாலு மாதமாகப் பதில் போடாததற்கு எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. அம்மாவின் முட்டிவலி பரவாயில்லை, மற்றவர்கள் சுகம். உன் மாமியார் இன்னும் அந்த முறுக்கு விஷயத்தை விடவில்லையா?

சரி, விஷயம் இதுதான். நேற்று ராத்திரி எனக்கு ஐகன் மதிப்பு புரிந்தது. அதுதான், ஓர் அணி (எண்களை நிரை நிரலாக அடுக்கிய கட்டம்) ஒரு திசையனை அதே கோட்டில் வைத்தபடி எத்தனை மடங்காக்குகிறது என்று சொல்லும் எண். பி.எஸ்சி.யில் பக்கம் பக்கமாகப் போட்டோமே! அணிக்கோவையைப் பூஜ்யமாக்கி, சமன்பாட்டைத் தீர்த்து, விடைக்கு அடியில் இரட்டைக் கோடு. எதற்கு என்று யாருமே சொல்லவில்லை, கலா. மாறும் வேகத்தைச் சொல்லும் வகைக்கெழுச் சமன்பாடு வேறு தாள், இது வேறு தாள். இரண்டுக்கும் உறவு உண்டென்றே தெரியாமல் பட்டம் வாங்கிவிட்டோம். எனக்கு மனசு ஆறவில்லை.

அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் கணிதப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்ட்ராங் நடத்திய வகுப்புகளைக் காணொளியில் பார்த்து வருகிறேன். அணியை நிரை நிரையாக மட்டுமல்ல, நிரல் நிரலாகவும் பார்க்கச் சொல்கிறார், அதுவும் முதல் வகுப்பிலேயே! நமக்கு அப்படி ஒருவர் வாய்த்திருந்தால்...

நேற்று மாடிக் கொடியில் ஒரே அளவுப் பூட்டுகள் இரண்டை ஒரே நீள நூலில் தொங்கவிட்டேன். ஒன்றை மட்டும் என் பக்கம் இழுத்து விட்டேன். அது ஆட ஆட, மற்றதும் மெல்ல ஆடத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் முதல் பூட்டு அப்படியே நின்றுவிட்டது. ஆட்டம் முழுக்க இரண்டாவதிடம். அப்புறம் திரும்பி வந்தது.

ஒரு பூட்டின் முடுக்கம் மற்றதன் விலகலையும் பொறுத்தது. அதனால் சமன்பாடுகளைத் தனித்தனியாகத் தீர்க்க முடியாது. கணக்குக்கு எளிதாக, விலகல்களை முடுக்கங்களோடு இணைக்கும் அணியின் நிரைகள் (3, −1), (−1, 3) என்று வைத்துக்கொள். ஐகன் மதிப்புகள் 2, 4. அவற்றுக்குரிய திசையன்கள் (1, 1), (1, −1). அதாவது, இரண்டு விலகலையும் கூட்டி ஒரு சமன்பாடு, கழித்து ஒரு சமன்பாடு எழுது. சிக்கல் பிரிந்துவிடும்! இரண்டும் பிளஸ் டூவில் போட்ட தனிச்சீரிசை இயக்கம்தான், ஒரே சீராக முன்னும் பின்னும் ஆடுவது.

உடனே இரண்டையும் ஒரே பக்கம் இழுத்து விட்டேன், சேர்ந்தே ஆடின. எதிரெதிராக விட்டேன், எதிரெதிராகவே ஆடின. ஆட்டம் கைமாறவே இல்லை. ஒன்றை மட்டும் இழுத்தது இந்த இரண்டிலும் பாதிப்பாதி. அதிர்வெண் கொஞ்சம் வேறு என்பதால்தான் ஒரு சமயம் கூடி, ஒரு சமயம் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன.

“இந்த வயசில் எதற்கு?” என்று கேட்டிருந்தாய். அந்தக் கேள்வி என்னை வருத்தியது. வகுப்பில் முதலில் விடை சொல்பவள் நீதானே, கலா.

பொங்கலுக்கு வா. மூன்று பூட்டு கட்டி, ஓரத்து இரண்டையும் எதிரெதிராக விட்டால், நடுப்பூட்டு அசையாமல் நிற்க வேண்டும். கொடியின் இரண்டு ஓரத்துக்கும் என் கை எட்டவில்லை.

உன்,
செல்வி