நீலம் ஏறிய பொக்கற் துணி

உப்புவெளி,
திருகோணமலை.

அன்பின் சிவம்,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது என்று வாசித்ததும் வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. இங்கே பெரும்போக அறுவடை முடிகிற நேரம். தம்பலகாமம் பக்கம் போனால் வைக்கோல் எரிக்கிற புகைதான். அதைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்குதில்லை. சின்னவள் உயர்தரத்துக்கு உயிரியல் படிக்கிறாள். அவளுக்காகப் புரட்டத் தொடங்கிய விஷயம் இப்போது என்னை விடுகுதில்லை. உனக்கு எழுதக் காரணம், உன் பழைய முறைப்பாடு ஒன்றுக்கு அதில் பதில் இருக்கிறது.

கட்டுநாயக்காவில் ஜீன்ஸ் தோய்க்கிற இடத்தில் வேலை செய்த காலத்தில், வெள்ளைப் பொக்கற் துணி நீலமாகிவிடுகிறது, அலசி அலசியும் போகுதில்லை என்று சொல்லுவாயே. ஜீன்ஸை உரசி வெளுக்கிற நுரைக்கல்லுக்குப் பதிலாக நீங்கள் போட்ட 'என்சைம்' செலுலேசு என்ற நொதியம். பருத்தி நூலின் மேற்பரப்பைக் கொஞ்சம் அரித்து இண்டிகோ என்ற நீலச் சாயத்தை உதிர்ப்பதுதான் அதன் வேலை.

பருத்தி, வைக்கோல், ஓலை எல்லாவற்றிலும் இருப்பது செலுலோசு. சோற்றின் மாப்பொருளைப் போல அதுவும் குளுக்கோசுச் சங்கிலிதான். இணைப்பு மட்டும் வேறு. செலுலோசில் ஒவ்வொரு குளுக்கோசும் பக்கத்திலிருப்பதற்கு எதிராகத் திரும்பி நிற்பதால் சங்கிலி நேராக நீளும். நேரான சங்கிலிகள் பக்கம் பக்கமாகப் படுத்து ஐதரசன் பிணைப்புகளால் இறுகிவிடும். தண்ணீர் உள்ளே போக இடமில்லை. நொதியம் இல்லாமல் சாதாரண வெப்பநிலையில் விட்டால், இணைப்புகளில் பாதி அறுவதற்கு ஏறத்தாழ 50 இலட்சம் ஆண்டு எடுக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

இதை அறுப்பதில் பேர்போனது திரைக்கோடேர்மா ரீசி என்ற பங்கசு. இரண்டாம் உலகப் போரில் சொலமன் தீவுகளில் அமெரிக்கப் படையின் பருத்திக் கூடாரங்கள் உக்கிப்போனதில் கண்டெடுத்தது. 1942 ஏப்ரல் 9 இல் நம் துறைமுகத்தில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட அதே போர்.

அந்தப் பங்கசின் முக்கியமான நொதியத்துக்குச் செல்7ஏ என்று பெயர். அதற்கு இரண்டு பகுதி. சின்னப் பகுதி, புரதத்தைக் கட்டுகிற அலகுகளான அமினோவமிலங்களில் 36 மட்டுமே. அதன் ஒரு முகம் தட்டையானது. அதில் தைரோசின் என்ற அமினோவமிலம் மூன்று, செலுலோசின் குளுக்கோசு வளையங்களுக்குப் பொருந்துகிற இடைவெளியில் வரிசையாக நிற்கும். இதுதான் போய் ஒட்டிக்கொள்கிற பகுதி. பெரிய பகுதிக்குள் ஏறத்தாழ 5 நானோமீற்றர் நீளமான சுரங்கம். சங்கிலியின் நுனியை மேற்பரப்பிலிருந்து உரித்து இந்தச் சுரங்கத்துக்குள் இழுக்கும். முடிவில் குளுத்தாமிக்கு அமிலம் என்ற இன்னொரு அமினோவமிலம் இரண்டு சேர்ந்து இணைப்பை அறுக்கும். குளுக்கோசு இரண்டிரண்டாக, செலோபயோசாக வெளியேறும். பிறகு கையை விடாமலே அடுத்த நானோமீற்றருக்கு நகரும். எரிபொருள் எதுவும் செலவில்லை. சுரங்கம் சங்கிலியைப் பிடித்துக்கொள்கிற பிடியே இழுக்கிறது. இதுதான் எனக்குப் பெரிய அதிசயம்.

ஆனால் அந்தப் பிடியேதான் தடையும். பனையேறி தளைநாரை இறுக்காமல் ஏற முடியாது, தளர்த்தாமலும் ஏற முடியாது, அப்படித்தான். வழியில் ஒரு முடிச்சு வந்தால் நொதியம் முன்னாலும் போகாது, சங்கிலியை விட்டு வெளியேறவும் நேரமெடுக்கும். பின்னால் வருபவையும் நெரிந்து நிற்கும். 2011 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த நெரிசலை அணுவிசை நுண்நோக்கியில் நேரடியாகப் படம்பிடித்துக் காட்டினார்கள். அப்படியென்றால் பிடியைத் தளர்த்தினால் சரியா? சுரங்கத்தின் கூரையிலிருந்து ஒரு வளைவை வெட்டியும் பார்த்தார்கள். இளகிய செலுலோசில் வேகம் கூடியது, இறுகிய படிகச் செலுலோசில் விழுந்தது. வைக்கோலில் இன்னொரு தொல்லை: செடிக்கு விறைப்புக் கொடுக்கிற லிக்னின் என்ற பொருள். நொதியம் அதிலும் போய் ஒட்டிக்கொண்டு வீணாகிறது. வைக்கோலைச் சீனியாக்குவது இவ்வளவு காலமாகியும் மலிவாகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்போது உன் பொக்கற். நொதியம் துணியில் ஒட்டுகிறது. அது புரதம், இண்டிகோவுக்குப் புரதத்தில் நல்ல பற்று. நூலிலிருந்து உதிர்ந்த நீலம் தொட்டித் தண்ணீரில் மிதந்து, வெள்ளைத் துணியில் ஒட்டியிருக்கிற நொதியத்தின் மேலேயே போய்ப் படிந்துவிடும். அமில நீரில் வேலை செய்கிற செலுலேசுகளில் இது கூடுதல். நீங்கள் குறைவாக அலசினீர்கள் என்று உங்கள் சுப்பவைசர் ஏசியது அநியாயம், மச்சான்.

ஒன்று கேட்க வேண்டும். தோய்த்து முடிந்ததும் நொதியத்தை நிறுத்தச் சோடாவும் சுடுநீரும் விடுவீர்கள்தானே? அதற்குப் பிறகு பொக்கற் கொஞ்சமாவது வெளுத்ததா, அல்லது அதற்குள் நீலம் இறங்கிவிட்டதா? ஞாபகத்தில் இருப்பதை எழுது, சின்னவளும் காத்திருக்கிறாள். காலைக் கவனமாகப் பார். தங்கச்சியையும் பிள்ளைகளையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராசன்