ஐசிஸுக்கு ஒரு கதை கொடுங்கள்

‘ஏஜ் ஆஃப் மித்தாலஜி: ரீடோல்ட்’ விளையாட்டை உருவாக்கும் வேர்ல்ட்ஸ் எட்ஜ், ஃபர்காட்டன் எம்பயர்ஸ் குழுவினருக்கு,

வணக்கம்.

2002இல் என்செம்பிள் ஸ்டுடியோஸ் உருவாக்கிய, தொன்மத் தெய்வங்களின் துணையோடு ஊர் கட்டிப் போரிடும் கணினி விளையாட்டை 2024 செப்டம்பரில் புதுக்கோலத்தில் திருப்பித் தந்தீர்கள். அதன் தோற்றத்தில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. என் மனத்தாங்கல் கதையைப் பற்றியது. அட்லான்டிஸின் கடற்படைத் தளபதி அர்கான்டோஸ் டிராய்க்கும் எகிப்துக்கும் வடதிசைக்கும் போய்த் தன் தீவுக்குத் திரும்பும் 32 கட்டங்களில், மூன்று மக்களின் தொன்மங்களும் ஒரே கிரேக்கக் கதைக்கு எடுபிடி வேலை செய்கின்றன. ஜீயஸின் தகப்பன் க்ரோனோஸை அடைத்துவைத்திருக்கும் பாதாள வாயில்களை ஒற்றைக்கண் அரக்கன் கார்கரென்சிஸ் திறக்கப் பார்க்கிறான். அவனைத் துரத்த வேண்டும். வாயில்களில் ஒன்று எகிப்தில் இருக்கிறது, இன்னொன்று வட ஐரோப்பிய நார்ஸ் நாட்டில் இருக்கிறது. ஆகவே எகிப்தியத் தெய்வம் ஒசைரிஸும் நார்ஸ் தெய்வம் லோகியும் அந்தத் துரத்தலுக்கு எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் வந்துபோகிறார்கள்.

இது என்னை ஏன் இவ்வளவு வருத்துகிறது என்றால், உங்கள் விளையாட்டின் விதிகள் இதைவிடப் பல மடங்கு நன்றாகக் கதை சொல்கின்றன. தெய்வங்களின் அருளை எப்படிப் பெறுகிறோம் என்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கக் குடிமக்கள் கோயிலைச் சுற்றி நின்று வேண்டுகிறார்கள். எகிப்தியர்கள் நினைவுச்சின்னங்களை எழுப்புகிறார்கள். நார்ஸ் வீரர்களுக்குப் போரிடப் போரிடத்தான் அருள் சேரும். ஒரு வரி வசனம்கூட இல்லாமல், யார் தன் தெய்வத்தோடு எப்படி உறவாடினார்கள் என்பது விளங்கிவிடுகிறது. நார்ஸ் தெய்வங்கள் தரும் ரக்னரோக் சக்தியை ஏவிப் பாருங்கள். மரம் வெட்டிக்கொண்டிருந்தவனும் வயலில் நின்றவளும் அந்த நொடியே கருவிகளைப் போட்டுவிட்டுப் போர் வீரர்களாகிறார்கள். உணவு சேர்க்க, பொன் தோண்ட ஒருவரும் மிஞ்சுவதில்லை. அந்தப் போரை வென்றாக வேண்டும், வேறு வழியில்லை. உலகத்தின் கடைசிப் போர் என்று வடதிசை மக்கள் எதை நினைத்து நடுங்கினார்களோ, அதை ஆட்டக்காரர் தன் வெறுமையான வயல்களைப் பார்த்து உணர்கிறார். இதை எழுதியவர்களுக்கு அந்தத் தொன்மம் உள்ளும் புறமும் தெரிந்திருக்கிறது. கேம்பெயினை, அதாவது கட்டம் கட்டமாக ஆடும் கதைப் பகுதியை, எழுதும்போது அந்த அறிவு எங்கே போகிறது என்பதுதான் என் கேள்வி.

எகிப்தியக் கட்டங்களுக்கு வருகிறேன். எகிப்தியத் தொன்மத்தில் செத் என்ற தெய்வம் தன் அண்ணன் ஒசைரிஸைக் கொன்று உடலைத் துண்டுதுண்டாக்கி நாடெங்கும் வீசிவிடுகிறான். ஐசிஸ் பாப்பிரஸ் படகில் சதுப்பு நிலங்களின் வழியே போய்க் கணவனின் உடலைத் தேடுகிறாள். 14 துண்டுகள் என்று பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூடார்க் எழுதிவைத்திருக்கிறார். கிடைத்த ஒவ்வொரு துண்டையும் கிடைத்த இடத்திலேயே அவள் அடக்கம் செய்ததால்தான் எகிப்தில் ஒசைரிஸுக்கு இத்தனை சமாதிகள் என்றும் அவர் சொல்கிறார். ஒரு துண்டு மட்டும் கடைசிவரை கிடைப்பதில்லை. நைல் நதியின் மீன்கள் அதைத் தின்றுவிட்டன. ஒரு பெண்ணின் துயரம் ஒரு நாட்டின் நிலவரைபடமாகவே மாறிவிடும் கதை இது. நிலவரைபடத்தின் மேல் ஆடப்படும் விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான கதை உலகத்தில் கிடைக்குமா?

நீங்கள் அதை என்ன செய்தீர்கள்? உடற்பகுதியை வண்டியில் ஏற்றி எதிரியிடமிருந்து பறித்து வரும் போட்டியாக்கினீர்கள். தேடுபவர்கள் அர்கான்டோஸும் போர்வீராங்கனை அமன்ராவும் அவர்களுடைய தோழர்களும். யாருடைய துக்கமோ அவள் அந்தத் தேடலில் இல்லை. கடைசியில் ஒசைரிஸ் பேருருவெடுத்து எழுந்து எதிரிப் படையை மிதித்துத் துவைக்கிறார். மரபில் அவர் எழுவது இறந்தோர் உலகத்தை ஆள்வதற்கு. உயிரோடிருப்பவர்களின் நாட்டுக்கு அவர் திரும்புவதேயில்லை. அந்த இழப்பை எடுத்துவிட்டால் ஐசிஸின் தேடலில் மீதி என்ன இருக்கிறது?

செத்துக்கும் இதே அநீதிதான். கேம்பெயினில் அவன் வெறும் வில்லன் கட்சி. கெம்சைட் போன்ற கொள்ளைக்காரர்களின் தெய்வம். ஆனால் அதே எகிப்திய மரபில் ஒவ்வோர் இரவும் கதிரவனின் படகு முனையில் நின்று, அதை விழுங்க வரும் அபெப் என்னும் பாம்பை ஈட்டியால் குத்துபவனும் இதே செத். உங்கள் விதிகளுக்கு இது பாதியாவது தெரியும். செத்தைத் தலைமைத் தெய்வமாகத் தேர்ந்தெடுத்து ஆடினால், அவனுடைய பூசாரிகள் காட்டு விலங்குகளைத் தம் பக்கம் இழுக்க முடிகிறது. பாலைவனமும் அதன் கட்டுக்கடங்காத உயிர்களும் அவனுடையவை என்பது அங்கே புரிகிறது.

கார்கரென்சிஸைப் பின்னின்று இயக்கும் கடல் தெய்வம் பொசைடன் விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது. க்ரோனோஸ் தன் குழந்தைகளைப் பிறந்தவுடன் விழுங்கியவன். விழுங்கப்பட்டவர்களில் பொசைடனும் ஒருவர். தன்னை விழுங்கிய தகப்பனை விடுவிக்க ஒரு மகன் முன்வருகிறான் என்றால் எப்பேர்ப்பட்ட காட்சியை அங்கே எழுதியிருக்க வேண்டும்! கதை முழுவதற்கும் அச்சாணியாக இருக்கும் இந்த முடிவு, அர்கான்டோஸின் கனவில் அதீனா வந்து சொல்லும் விளக்கத்தோடு முடிந்துவிடுகிறது. அந்த மகனின் வாயிலிருந்து ஒரு சொல் கேட்க நான் எத்தனையோ முறை ஏங்கியிருக்கிறேன்.

மரபை மாற்றவே கூடாது என்று நான் வாதிடவில்லை. டிராய்ப் போர் முடிவதற்குள் தற்கொலை செய்துகொள்ள வேண்டிய கிரேக்க வீரன் அஜாக்ஸ் உங்கள் கதையில் உயிரோடு கப்பலேறுகிறான். அவனுடைய துணை எனக்குப் பிடித்தே இருக்கிறது. தொன்மங்கள் சொல்பவரின் வாயில் மாறிக்கொண்டே வந்தவைதான். மாற்றத்துக்கு அந்தக் கதையின் உள்ளேயிருந்தே காரணம் கிடைக்க வேண்டும். லோகி கிழவன் ஸ்கல்ட்டாக வேடமிட்டு, பனி அரக்கன் ஃபோல்ஸ்டாக்கின் கொடியைக் கொடுத்து நம்மை ஏமாற்றும் இடம் அருமை. ஏனென்றால் குதிரையாகவும் மீனாகவும் கிழவியாகவும் மாறியவன் லோகி. அதே வேடத் தந்திரம் ‘தி டைட்டன்ஸ்’ விரிவாக்கத்தில் க்ரியோஸ் என்ற பாத்திரத்துக்காகத் திரும்பவும் வரும்போது வேரில்லாமல் நிற்கிறது.

உங்களால் முடியும் என்பதற்குச் சான்றும் உங்கள் விளையாட்டிலேயே இருக்கிறது. ‘தி கோல்டன் கிஃப்ட்’ என்ற சின்னஞ்சிறு கேம்பெயினில் ப்ரோக், எய்த்ரி என்ற இரண்டு குள்ளர்கள் ஃப்ரேயர் என்ற தெய்வத்துக்காகப் பொன் பன்றியை வார்க்கிறார்கள். அதில் உலகம் அழியப்போவதில்லை. சகோதரர்களின் கைவினையும் லோகியின் வஞ்சகமும் மட்டுமே. அந்தக் கதையை நார்ஸ் நாட்டிலிருந்து பெயர்த்து வேறெங்கும் வைக்க முடியாது.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. 2025இல் ‘இம்மார்ட்டல் பில்லர்ஸ்’ விரிவாக்கம் வழியாகச் சீனத் தெய்வங்களான நூவாவையும் ஃபூசியையும் ஷென்னோங்கையும், ‘ஹெவன்லி ஸ்பியர்’ விரிவாக்கம் வழியாக ஜப்பானியத் தெய்வங்களான அமதெராசுவையும் சுகுயோமியையும் சுசானோவையும் சேர்த்திருக்கிறீர்கள். ஜீயஸின் பழைய கோயில்கள் இன்று பெரும்பாலும் சுற்றுலாத் தலங்கள். நூவாவுக்குச் சீனாவின் ஹெபெய் மாகாணத்து மலைச்சரிவில் இன்றும் ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். ஜப்பானில் அமதெராசு குடிகொண்டிருக்கும் இசே ஆலயத்தை 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிதாகக் கட்டுகிறார்கள். 2013இல் கட்டினார்கள், அடுத்தது 2033இல் வரவிருக்கிறது. தம் தெய்வத்தின் கதையைத் தாயிடம் கேட்டு வளர்ந்தவர்கள் இந்த விளையாட்டை ஆடுகிறார்கள். இனி நீங்கள் எந்த நாட்டுக்குப் போனாலும் அங்கும் அப்படிப்பட்டவர்கள் இருக்கக்கூடும். அங்கேயும் ஒரு வாயில், ஒரு துரோகி, ஓர் இறுதிக்கட்ட அரக்கன் என்ற அதே அச்சில் வார்த்துவிடாதீர்கள்.

அமதெராசு குகைக்குள் ஒளிந்துகொள்ள உலகம் இருண்டுபோகும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். தேவர்கள் அந்தக் குகையை முற்றுகையிடவில்லை. உசுமே என்ற பெண் தெய்வம் வாசலில் ஆடினாள், எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள், என்னவென்று பார்க்க அமதெராசு எட்டிப் பார்த்தாள். இதையே ஒரு கட்டமாக யோசியுங்கள்: வரைபடம் முழுக்க இருள், படை இருந்தும் பயனில்லை, கண்ணாடியும் சேவல்களும் ஆடும் மேடையும் சேர்த்து விழா நடத்தினால்தான் வெற்றி. உங்கள் விதிகளை எழுதியவர்களிடம் ஒப்படைத்தால் அவர்கள் இதைச் செய்து காட்டுவார்கள் என்று உறுதியாக நம்புகிறேன்.

பழைய 32 கட்டங்களைத் தொட வேண்டாம். அவற்றோடு வளர்ந்தவர்கள் நாங்கள். ‘தி கோல்டன் கிஃப்ட்’ அளவுக்குச் சிறிய கேம்பெயின்கள் போதும், ஒவ்வொரு மக்களுக்கும் ஒன்று. முதலாவதாக ஐசிஸின் படகை நைலில் இறக்குங்கள். அந்த ஒரு துண்டு கிடைக்காமலே கதை முடியட்டும்.

அன்புடன்,
உங்கள் விளையாட்டை நேசிக்கும் ஓர் ஆட்டக்காரன்